உனக்கு நான் போட்ட ப்ராக்ஸி

முதலில் மன்னித்துவிடு. நீளமாக எழுதப் போகிறேன். நான் நாலு வரிக்கு மேல் தட்டினாலே, "இன்னாடி, பரிட்சை பேப்பர் மாரி எழுதற? ஒரு வரில சொல்லு" என்று பதில் போடுவாய். ஒரு வரியில் சொல்ல வந்திருந்தால் இந்த ஓராண்டில் சொல்லியிருப்பேன். இப்படி எழுதுவதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீ இருந்தபோதும் உன்னிடம் வாய் திறந்து பேசியதைவிடத் தட்டிப் பேசியதுதான் அதிகம். இப்போதும் அதையேதான் செய்கிறேன், இனி உன்னால் திட்ட முடியாது என்ற தைரியத்தில்.

பதின்மூன்று நாளைக்கு முன்பு, மதியம், அலுவலகத்தில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தேன். போனில் மூன்று முறை மணி அடித்தது. எந்த மணி என்று உனக்குத் தெரியும். மற்ற எல்லாச் சத்தத்தையும் நிறுத்தி வைத்திருந்தேன். இந்த ஒன்றை நிறுத்த மறந்திருந்தேன், அல்லது மறந்ததுபோல் வைத்திருந்தேன். திரையில் அந்த ஏரி தெரிந்தது. அதில் விளக்குகள் மிதந்தன. ஆங்கிலத்தில் மூன்று வரி வந்தது. ஆண்டு விழா தொடங்கிவிட்டது. உங்கள் தோழி 359 நாட்களாக வரவில்லை. அவரை அழைக்கலாமா? அதன் கீழே மஞ்சளாக ஒரு பொத்தான்.

சாம்பார் சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

அந்த விளையாட்டின் பெயரை நீ ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. "யாரு அவ்ளோ நீளத்துக்கு சொல்லிகினு இருப்பாங்க" என்று அலுத்துக்கொண்டு, நம்ம ஊரு என்று பெயர் வைத்துவிட்டாய். எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆயிரக்கணக்கானவர்கள் போனில் நுழைந்து, ஆளுக்கொரு உருவம் எடுத்துக்கொண்டு, வாளும் வில்லுமாகச் சுற்றுகிற இடம் உனக்கு நம்ம ஊராகிவிட்டது. ஒருமுறை ரயிலில், "நம்ம ஊர்ல காலைல இருந்து மழைடி" என்றாய். எதிரே கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "எந்த ஊரு கண்ணு? அங்கயாவது பெய்யுதே" என்றார். நீ சிரிப்பை அடக்கத் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாய். கொரட்டூரில் இறங்கும்வரை எடுக்கவில்லை.

உன்னை நான் கண்டதும் அந்த ரயிலின் பெண்கள் பெட்டியில்தான். என் கல்லூரியில் மதியம் ஒன்றே முக்காலுக்குத்தான் வகுப்பு. காலையில் ஒரு கூட்டம் படித்துவிட்டுப் போன பெஞ்சில், அவர்கள் கிறுக்கிய கிறுக்கலின் மேல் நாங்கள் உட்காருவோம். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆவடி வந்து பன்னிரண்டே முக்கால் வண்டியைப் பிடிப்பேன். யாரும் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன். அன்று அண்ணனூரில் ஏறியவள் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு கத்தினாள்.

"ஏய் ஏய், அந்தப் பாலத்து மேல ஏறாத! அங்க ஒருத்தன் ஒளிஞ்சிகினு கீறான். போன வாரம் என்னைய வெட்டிட்டான்."

பெட்டியே திரும்பிப் பார்த்தது. பயத்தில் என் விரல் நிற்காமல் பாலத்தில் ஏறிவிட்டது. வெட்டியும் விட்டான்.

"சொன்னேன் இல்ல? தள்ளி உக்காரு" என்று பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, உன் போனை எடுத்தாய். அப்போது நீ கொரட்டூர் பக்கத்துப் பாடியில் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தாய். மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். என் கல்லூரி நேரத்தைக் கேட்டதும், "அப்போ நீயும் செகண்ட் ஷிஃப்டு, நானும் செகண்ட் ஷிஃப்டு" என்றாய். என்னைவிட ஒரு வயது பெரியவள் என்று தெரிந்து "அக்கா" என்று ஆரம்பித்தேன். "அக்கா கிக்கான்னா அடுத்த ஸ்டேஷன்ல தள்ளி வுட்டுடுவேன்" என்றாய். அன்றிலிருந்து நீ எனக்கு "நீ". நான் உனக்குக் "காலேஜு".

கல்லூரியில் என் பெயரை அழைத்தால் "உள்ளேன் மேடம்" என்று சொல்வேன். அது எனக்கே கேட்காது. பாதி நாள் ஆப்சென்ட் விழும். இதை உன்னிடம் சொன்னபோது நீ நம்பவில்லை. "நம்ம ஊர்ல அந்தக் கத்து கத்தற, ஆறு பேர சேத்துகினு போய் அந்த அரக்கனை அடிக்கற, இங்க ஒரு டீச்சரம்மாகிட்ட வாயத் தொறக்க மாட்டியா?" தட்டுவதற்கு வாய் வேண்டியதில்லை என்றேன். "எனக்கும் அங்கதான்டி பேச வருது" என்றாய் நீ. உன் வாட்ஸ்அப்பை உன் அண்ணன் தினமும் திறந்து பார்ப்பார். கூடவே வேலை செய்கிறவர்கள் அனுப்பும் காலை வணக்கத்துக்குக்கூட, "யாரு இது?" என்று கேள்வி வரும். விளையாட்டுக்குள் பேசலாம் என்பது அவருக்குத் தெரியாது. அதனால் நாம் வேறெங்கும் பேசிக்கொள்ளவில்லை. காய்ச்சல், வீட்டுச் சண்டை, கம்பெனியில் சூப்பர்வைசர் சொன்ன பேச்சு, எல்லாம் அந்த ஏரிக்கரையில்தான்.

ஏரிக்கரையில் உனக்கு ஒரு மனை கிடைத்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். மூன்று மாதம் வேட்டையாடி அந்த இடத்தை வாங்கினாய். என் வீட்டுக்கு அடுத்த மனை. நீலக் கதவு வைத்தாய், வாசலில் மாமரம் வைத்தாய். உள்ளே மேசை, நாற்காலி, விளக்கு என்று என்னென்னவோ கிடைக்கும். நீ ஒன்றும் வாங்கவில்லை. காலியாகக் கிடந்த அறையின் நடுவில் உன் உருவத்தை உட்கார வைத்துவிட்டு, "எனக்குன்னு ஒரு ரூமு. ஒருத்தரும் உள்ள வர முடியாது, நீ தவிர" என்று எழுதினாய். அண்ணனூரில் உன் வீட்டுக்கு நான் அப்போது வந்ததில்லை. அதனால் அந்த வரியின் கனம் புரியவில்லை. "சோபா வாங்கிப் போடு" என்று பதில் போட்டேன்.

விழாவுக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு மேலே ஓடும். ஆண்டுக்கு ஒருமுறை, பதினான்கு நாள். தினமும் ஏரியில் ஒரு விளக்கு விட வேண்டும். ஜோடி சேர்ந்த இரண்டு பேரும் தவறாமல் தொடர்ந்து ஏழு நாள் விளக்கு விட்டால் ஒரு படகு பரிசு. அது ஆண்டு விழாவில் மட்டும்தான் கிடைக்கும், வேறு எதைக் கொடுத்தாலும் கிடைக்காது. ஒருவர் மட்டும் ஏறினால் நகராது, இரண்டு பேர் துடுப்புப் போட்டால்தான் போகும். பருத்திப்பட்டு ஏரியில் படகு விடுகிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று பேசிக்கொண்டே இருந்தோம். உனக்கு ஞாயிறு ஓவர்டைம், அல்லது எனக்கு வீட்டில் அனுமதி இல்லை. "வுடு, நம்ம ஊர்லயே போயிக்கலாம்" என்றாய்.

ஆனால் விளக்கு விடும் நேரம் நம் கணக்கில் மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை. அந்த நேரத்துக்கு உன் போன் கம்பெனி வாசலில், செக்யூரிட்டிக்குப் பின்னால் இருக்கும் பெட்டிக்குள் இருக்கும். முதல் ஆண்டு விழாவில் உன் வார விடுமுறை நாளைத் தவிர ஒரு நாளும் நீ விளக்கு விடவில்லை. படகு வாங்கியவர்கள் நம் வாசல் வழியாகவே போய்க்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு விழா அறிவிப்பு வந்ததும், ரயிலில் என் நோட்டைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தில் ஏதோ எழுதினாய்.

"இதான் என் பாஸ்வேர்டு. நீ எனக்கு ப்ராக்ஸி போடு."

"தப்பில்லையா?"

"கம்பெனில ஒருத்தர் கார்டை இன்னொருத்தர் பஞ்ச் பண்ணா அன்னைக்கே கேட்டுக்கு வெளிய. காலேஜுல அத்த படிப்பு மாரி சொல்லித் தருவாங்கன்னு கேள்விப்பட்டேன். இன்னா காலேஜு புள்ள நீ?"

என் வாழ்க்கையில் நான் இன்னொருத்தி பெயருக்கு "உள்ளேன்" என்று ப்ராக்ஸி கொடுத்ததில்லை. என் வருகையையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவள். நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். உன் அண்ணன் பெயர், அதற்குப் பின்னால் லூசு, அதற்குப் பின்னால் நான்கு பூஜ்யம். படித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அவனே என் போன நோண்டினாலும் இத்த மட்டும் கண்டுபுடிக்க மாட்டான்" என்றாய். பிறகு விரலை நீட்டி மிரட்டினாய். "வெளக்கு மட்டும் வுடணும். வேற எதையும் தொடக் கூடாது. என் மெசேஜ் எதையும் தொறக்கக் கூடாது. அடுத்தவங்க ரூமு."

அப்படியே செய்தேன். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த வாரம் அது. தினமும் இரண்டே காலுக்கு, பெஞ்சுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, முதலில் என் பெயரில் நுழைந்து ஒரு விளக்கு. வெளியே வந்து, உன் பெயரில் நுழைந்து ஒரு விளக்கு. இரண்டு நிமிட வேலை. நீ தொழிற்சாலையில் வயர் கட்டிக்கொண்டிருக்கும்போது உன் உருவம் படித்துறையில் குனிந்து விளக்கைத் தண்ணீரில் வைக்கும். உன் கையை நான் பிடித்து எழுத வைப்பதுபோல் இருக்கும்.

நாலாம் நாள் நீ ரயிலில் ஏறவில்லை. காய்ச்சல் என்று எழுதினாய். ஷிஃப்ட் போகாததால் போன் கையில்தானே இருக்கிறது, நீயே விடுகிறாயா என்று கேட்டேன். "ஸ்க்ரீன பாத்தாலே தலைய இடிக்குது. நீயே போட்டுடு" என்றாய். போட்டேன். ஐந்தாம் நாளும் போட்டேன்.

ஆறாம் நாள் என் விளக்கை விட்டு வெளியே வந்து, இரண்டே காலுக்கு வழக்கம்போல் உன் பெயரில் நுழைந்தேன். திரையில் ஒரு கேள்வி வந்தது. இந்தக் கணக்கு வேறொரு போனில் திறந்திருக்கிறது, அதை மூடிவிட்டு நுழையவா? அதுவரை அந்தக் கேள்வி வந்ததே இல்லை. அதே நேரம் வகுப்பில் மேடம் என் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தார். முழுதாகப் படிக்காமலே "ஆம்" என்று அழுத்தினேன். விளக்கை விட்டேன். வெளியே வந்து என் பெயரில் நுழைந்தபோதுதான் உன் செய்தியைப் பார்த்தேன். இரண்டு பதின்மூன்றுக்கு வந்திருந்தது.

"ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

அவ்வளவுதான். நீ தட்டிக்கொண்டிருந்தபோது நான் உன்னை வெளியே தள்ளியிருந்தேன்.

"கேளு" என்று போட்டேன். "சாரி, நான்தான் உள்ள வந்துட்டேன்" என்று போட்டேன். "திரும்ப வா." "இருக்கியா?" நீ வரவில்லை. எழுந்து வெளியே போய் உனக்கு ஒரு போன் செய்ய வேண்டும் என்று தோன்றியது. அதற்கு, மேடம் வெளியே போகட்டுமா என்று கேட்க வேண்டும். அறுபது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு வாய் வரவில்லை. மூன்று மணிக்கு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு உன் போன் அணைந்திருந்தது.

அந்த மதியம் நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. டெங்கு என்றோ, ரத்தத்தில் எதுவோ குறைந்துகொண்டே போகிறது என்றோ தெரியாது. காய்ச்சல் அதிகமாகித் தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். ஏழாம் நாளும் இரண்டே காலுக்கு நுழைந்தேன். இந்த முறை எந்தக் கேள்வியும் வரவில்லை. கடைசி விளக்கை விட்டேன். ஏரியில் பொன்னிறமாகப் பூ மழை பெய்தது. படித்துறையில் படகு வந்து நின்றது. "கெடச்சிடுச்சிடி!" என்று உனக்கு எழுதினேன், உன் பாஷையிலேயே.

அன்று காலை ஒன்பது மணிக்கே நீ போய்விட்டிருந்தாய்.

உன் அம்மாவிடமிருந்தோ அண்ணனிடமிருந்தோ எனக்குச் செய்தி வர வழியில்லை. அவர்களுக்கு நான் இருப்பதே சரியாகத் தெரியாது. இரண்டு நாள் கழித்து, அண்ணனூரில் வண்டி நிற்கும்போது சுவரில் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி என்று கறுப்பில் அச்சடித்த சுவரொட்டி. கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த படம், காதுக்குப் பின்னால் முடியை இழுத்துக் கட்டியிருந்தாய். அந்தப் படத்தை நீயே, "திருடி மாரி கீறேன்" என்று காட்டியிருக்கிறாய். மழையில் நனைந்து ஓரம் கிழிந்திருந்தது. இறங்க வேண்டும் என்று நினைப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அன்று கல்லூரியில் என் பெயரை அழைத்தபோது நன்றாக உரக்கவே சொன்னேன் போலிருக்கிறது. மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

முப்பதாம் நாள் காரியம் கழித்துத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். ஒரே அறை. துணிக்கொடி போட்டு ஒரு புடவையால் பாதியை மறைத்திருந்தார்கள். அந்த மறைப்புக்குப் பின்னால்தான் நீ தூங்குவாய் என்று உன் அம்மா காட்டினார். "நீதான் காலேஜா? வா கண்ணு. ரயில்ல ஒரு பொண்ணு, பேசவே பேசாதுன்னு சொல்லிகினே இருப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். உன் அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் உன் போன். நீ சொன்னதை வைத்து நான் கற்பனை செய்திருந்த ஆள் இல்லை அவர். மெலிந்து, கண்ணுக்கு அடியில் கறுத்துப்போய் இருந்தார்.

"ஒண்ணு கேக்கறேம்மா, தப்பா நெனச்சிக்காத" என்றார். "அவ உயிரோட இருக்கசொல்லவே அவ வாட்ஸ்அப்ப நான் நோண்டுவேன். தப்புதான். இப்பவும் அத்தத்தான் பாத்துகினு கீறேன். ஒண்ணுமே இல்லம்மா அதுல. கம்பெனி குரூப்பு, குட் மார்னிங்கு, ஷிஃப்டு மாத்தறது. அவ்ளோ பேசற பொண்ணு. எங்கதான் பேசினா?"

"தெரியலண்ணா" என்றேன்.

"கேமு ஒண்ணு இருந்துச்சி. எடத்த அடைச்சிகினு இருந்துச்சேன்னு போன் என் கைக்கு வந்த அன்னைக்கே அத்த அழிச்சிட்டேன். போட்டோவாச்சும் இன்னும் கொஞ்சம் இருக்குமோன்னு பாத்தேன். உனக்கு எதனா ஞாபகம் வந்தா சொல்லும்மா."

சொல்லியிருக்கலாம். உங்கள் தங்கை இரண்டு வருடம் பேசியதெல்லாம் அப்படியே இருக்கிறது, அவளுக்கு ஓர் ஏரிக்கரையில் வீடு இருக்கிறது, நீலக் கதவு, மாமரம் என்று. சொன்னால் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டும். அவர் பெயரையும் அதற்குப் பின்னால் இருக்கும் சொல்லையும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. நீ போட்ட பூட்டு நன்றாகத்தான் வேலை செய்தது. உள்ளே அவரைப் பற்றி நீ எழுதிய மற்ற விஷயங்களும் இருக்கின்றன. அவற்றை அவர் படித்தால் என்ன ஆகும் என்றும் நினைத்தேன். இதெல்லாம் காரணங்கள். வாய் வரவில்லை என்பதுதான் உண்மை.

பிறகு நான் டிகிரி முடித்தேன். தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழை ஒருமுறை உன்னிடம் காட்டியது நினைவிருக்கிறதா? "குடும்பத்துல மொதல்ல படிச்சா அதுக்கு ஒரு சர்டிபிகேட்டா? அப்போ மொதல்ல பெயிலானதுக்கு? எங்க ஊட்டுல நான்தான்" என்றாய். அதை மடிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். முத்திரையைக்கூட விரலால் தொட்டாய். பிறகு, "இந்த தபால்ல படிக்கறாங்களே, அது எத்தினி வருசம்? நானும் படிச்சி சேர்ல உக்காந்து வேலை பாக்கலாம் இல்ல? வயரு கட்டி வெரலு மரத்துப் போச்சி" என்றாய்.

நான் சிரித்தேன்.

நீ எதைச் சொன்னாலும் அதன் முடிவில் சிரிப்பு இருக்கும் என்று பழகிப்போன சிரிப்பு அது. உன்னைப் பார்த்துச் சிரித்ததல்ல. ஆனால் நீ சான்றிதழை என் மடியில் வைத்துவிட்டு, "வுடு, சும்மா கேட்டேன்" என்றாய். கொரட்டூரில் இறங்கும்போது வழக்கமாகத் தலையில் தட்டிவிட்டுப் போவாய். அன்று தட்டவில்லை.

இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். காப்பீட்டுப் படிவங்களைச் சரிபார்க்கும் வேலை. நாற்காலி சுழலும், உயரம் கூட்டலாம், குறைக்கலாம். முதல் நாள் அதில் உட்கார்ந்தபோது எனக்கு வந்தது சந்தோஷமில்லை.

விழாவின் முதல் நாள் வந்த அந்த அழைப்புக்குக் கீழே இன்னொரு அறிவிப்பும் இருந்தது. ஓராண்டுக்கு மேல் வராதவர்களின் மனைகள், விழா முடியும் நாளில் காலி செய்யப்பட்டுப் புதியவர்களுக்குக் கொடுக்கப்படும். வீடு, மரம், பேசிய பேச்சு எல்லாம் போகும். நான் எண்ணிப் பார்த்தேன். விழா முடிவதற்குள் உனக்கு ஓராண்டு தாண்டிவிடும். அது சொன்ன 359 நாள்கூடச் சரியான கணக்கில்லை. நீயாகக் கடைசியாக வந்தது அதற்கு ஒரு நாள் முன்பு. கடைசி நாள் வந்தவள் நான். அந்த ஊர் எண்ணிக்கொண்டிருந்தது என்னைத்தான், உன்னை அல்ல.

ஒருமுறை உன் பெயரில் நுழைந்தால் போதும், வீடு இன்னும் ஓராண்டு நிற்கும். பாஸ்வேர்டு எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் பதின்மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நுழையும்போது அந்தக் கேள்வி வராது என்பதுதான் பயம். வேறொரு போனில் திறந்திருக்கிறது, மூடவா என்று இனி ஒருநாளும் கேட்காது.

இன்று கடைசி நாள். மூன்று மணிக்கு விழா முடிகிறது. இரண்டே காலுக்கு அலுவலகப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். முதலில் என் பெயரில் நுழைந்தேன். மஞ்சள் பொத்தான் இன்னும் இருந்தது. எதற்கு என்று தெரியாமலே அழுத்தினேன். உங்கள் தோழியை அழைத்துவிட்டோம் என்றது. வெளியே வந்து, உன் அண்ணன் பெயரையும் மற்றதையும் தட்டினேன்.

கேள்வி வரவில்லை. நேராகத் திறந்தது.

நான் விட்டுவிட்டுப் போன அதே படித்துறையில் நீ நின்றுகொண்டிருந்தாய். படகு பக்கத்தில் கட்டிக் கிடந்தது. மாமரத்தில் பறிக்காத பழங்கள் கிளைக்குக் கிளை தொங்கின. யாரோ ஒரு புதியவன் உன் மனைக்கு வெளியே நின்று, காலியாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். நீ அசைந்ததும் போய்விட்டான். அவ்வளவில் வெளியே வந்திருக்க வேண்டும். அதற்குள் மணி மூன்று முறை அடித்தது. "உங்கள் தோழி உங்களை அழைக்கிறார்." நான் சற்றுமுன் அனுப்பியதுதான். உன் இடத்திலிருந்து அதைப் பார்த்தபோது உண்மையாகவே யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது. தொடக் கூடாது என்று நீ சொன்னதை மறந்து தொட்டுவிட்டேன்.

நம் பேச்சு திறந்துகொண்டது. மேலே உன்னுடைய இரண்டு வாக்கியம். அதற்குக் கீழே என்னுடைய பதினேழு வரிகள். அன்று வகுப்பிலிருந்து போட்டவை, படகு கிடைத்ததைச் சொன்னது, சுவரொட்டியைப் பார்த்த நாளில் போட்டவை. வேலை கிடைத்த அன்றும் ஒன்று போட்டிருக்கிறேன். எல்லாம் தடித்த எழுத்தில் இருந்தன, படிக்காத செய்திகள் அப்படித்தான் இருக்கும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக மெலிந்தன.

என் பெயரில் திரும்ப நுழைந்து பார்த்தேன். பதினேழுக்கும் கீழே அவள் படித்துவிட்டாள் என்று இருந்தது. நேரம் இரண்டு இருபத்தொன்று.

இத்தனை நாள் அவை படிக்கப்படாமல் இருந்தன. நீ போய்விட்டாய் என்று தெரியாதவள் இல்லை நான். சுவரொட்டி பார்த்தேன், உன் அம்மா கையைப் பிடித்து அழுதேன். ஆனாலும் படிக்கப்படாத செய்தி என்றால் அது இன்னும் போய்ச் சேரவில்லை, வழியில் இருக்கிறது என்றுதானே அர்த்தம். அந்த ஒன்றும் இப்போது இல்லை. உனக்கு எழுதியதையெல்லாம் நானே வாங்கிப் படித்து முடித்துவிட்டேன். நீ படித்தும் பதில் போடாதவள்போல் ஆகிவிட்டாய்.

என் மேலதிகாரி படியேறி வந்தவர் நின்று, "என்னம்மா, உடம்பு சரியில்லையா? இங்க உக்காந்துட்ட?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல மேடம்" என்றேன். அதை அவருக்குக் கேட்கும்படிதான் சொன்னேன்.

வீடு இன்னும் ஓராண்டு நிற்கும். உன் அண்ணனிடம் சொல்வேனா என்று கேட்காதே, தெரியவில்லை. அடுத்த ஆண்டும் உனக்கு ப்ராக்ஸி போடுவேனா என்பதும் தெரியவில்லை. என் பழைய போன் அலமாரியில் கிடக்கிறது, கண்ணாடி விரிசல் விட்டாலும் வேலை செய்கிறது. ஒன்றில் நீ, ஒன்றில் நான் என்று நுழைந்தால் இரண்டு பேரும் ஏறி உட்காரலாம், படகு நகரும். அதை மட்டும் செய்யவில்லை. செய்யவும் மாட்டேன். இரண்டு துடுப்பையும் நானே போட்டுக்கொண்டு எங்கே போவது?

தினமும் மதியம் இரண்டே காலாகும்போது என் கட்டைவிரல் தானாக அசைகிறது. படிவத்தின் மேல் வைத்த பேனா நின்றுவிடுகிறது. ஒரு நிமிடம்தான். பிறகு அடுத்த படிவம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இவ்வளவு தூரம் எழுதியதே அதற்காகத்தான், ஆனால் ஆரம்பத்திலேயே சொல்ல வாய் வரவில்லை. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நீ எதைக் கேட்க வந்தாய் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றை நினைத்துக்கொள்கிறேன். எதுவும் உன் குரலில் பொருந்தவில்லை. எனக்கு வேறெதுவும் வேண்டாம். கனவில் வர வேண்டாம், மன்னிக்க வேண்டாம். கேட்க வந்ததை மட்டும் கேட்டுவிடு.

நான் சிரிக்க மாட்டேன்.